ஒரு காணியில் ஒரு குசினி

கலாராணியிடம் யாராவது முடியாது என்று சொன்னால் அவள் ஏன் என்று கேட்க மாட்டாள். அப்படியென்றால் எப்படி முடியும் என்றுதான் கேட்பாள். கண்டி டவுனில் மக்கீன் ஹாஜியாரின் திரைச்சீலைக் கடையில் இருபது வருடத்துக்கு மேல் நின்று பழகியதில் வந்த குணம் அது. துணி பத்தாது என்று சொல்லி வந்தவரைத் திருப்பி அனுப்பினால் ஹாஜியாருக்குப் பிடிக்காது. இருக்கிற துணியை வைத்து இருக்கிற ஜன்னலை மூட வேண்டும், அவ்வளவுதான். ஓரத்தை இழுத்து மடிப்பாள், நடுவில் வேறு நிறத்தில் பட்டி வைப்பாள், கடைசியில் இதுதான் இப்போதைய ஃபேஷன் என்று வந்தவரையே நம்ப வைத்து அனுப்புவாள். அப்படிப்பட்ட கெட்டிக்காரிக்குத் தன் புருஷனைத் தன் வீட்டுக்குக் கூட்டிவர வழி தெரியாமல் ஒரு வருடம் போய்விட்டது என்றால் யார் நம்புவார்கள்?

வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மாத்தளைப் பக்கம், ரோட்டுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. கண்டியில் மேடு இல்லாத காணி வாங்க ராசா வீட்டில் பிறந்திருக்க வேண்டும். ரோட்டிலிருந்து மண்ணை வெட்டிச் சீமெந்து பூசிய படிகள் வளைந்து வளைந்து ஏறும். சுகமாக இருந்த காலத்தில் அவள் புருஷன் யோகராஜ் அந்தப் படிகளை அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறியவர். அவர் ஸ்கூல் வேன் ஓட்டினார். வேனை மேலே ஏற்ற முடியாதல்லவா, அதனால் ரோட்டு மட்டத்திலேயே கல் வைத்து மூன்று பக்கம் சுவர் எழுப்பி, தகரம் போட்டு, நல்ல விசாலமாக ஒரு கராஜ் கட்டினார். அதற்கு அப்போதே முறைப்படி அனுமதி எடுத்துக் கட்டினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மனிதர் அந்த விஷயத்தில் சுத்தம்.

பிறகு சீனி வியாதி வந்தது. கால் விரலில் ஒரு சின்னப் புண். சின்னப் புண்தானே என்று விட்டதில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அக்கம்பக்கத்து ஆண்கள் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு படி ஏறினார்கள். பாதி வழியில் ஒருவர் கால் வழுக்க, கதிரை சரிந்து, யோகராஜ் "விடுங்கடா, என்னைக் கீழ விடுங்கடா" என்று கத்தியது கலாராணிக்கு இன்றும் கேட்கிறது. அடுத்த கிளினிக் நாளுக்கு இறக்கவும் ஏற்றவும் மறுபடி ஆள் தேட வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த தடவை அவர் இறங்கினார், ஏறவில்லை. தம்பி ரவிகுமார் கடுகண்ணாவையில் மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். வீடு சமதரை. "கொஞ்ச நாளைக்கு அண்ணன் எங்ககூட இருக்கட்டும் அண்ணி" என்று கூட்டிப் போனான். நல்ல பிள்ளை, நல்ல மனதோடுதான் கூட்டிப் போனான்.

அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் கலாராணி சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போவாள். பெற்ற பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டுப் பார்க்கப் போகிறவள்போலப் போய், பின்னேரம் தனியாகத் திரும்பி வருவாள். வயது ஐம்பத்து மூன்று. கட்டிய புருஷன் உயிரோடு இருக்கும்போதே இப்படி விருந்தாளியாய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவளுக்கு நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. நீர்கொழும்பில் கட்டிக்கொடுத்த மகள் சிந்துஜா, "வீட்டை வித்துட்டு இங்க வந்துருங்கம்மா" என்று போனில் சொன்னாள். கலாராணி போனை வைத்துவிட்டாள்.

வழி கண்ணெதிரிலேயே இருந்தது. ஒரு நாள் வேலையால் வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவள், வேன் விற்ற பிறகு வெறுமையாய்க் கிடந்த கராஜுக்கு முன்னால் நின்றுவிட்டாள். படி இல்லை, மேடு இல்லை. உருளுகிற கதிரை நேரே உள்ளே போகும். "எனக்கு இவ்வளவு நாளா எங்க போச்சு புத்தி?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, அன்று வாங்கி வந்த பாண் ரொட்டியைக்கூட மேலே கொண்டுபோய் வைக்காமல் உள்ளே நுழைந்து நீளம் அகலத்தைக் காலால் அளக்கத் தொடங்கினாள்.

ரோட்டில் நிறையப் பேர் கராஜை அறையாக மாற்றியிருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. "நீயும் சத்தமில்லாம சுவர அடச்சிட்டு உள்ள போயிரு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கலாராணி அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை வீட்டை விட்டு இறங்கிய மனிதர் அவர். நாளைக்கு எவனாவது ஒரு காகிதத்தோடு வந்து இது கராஜ், இதில் ஆள் குடியிருக்கக் கூடாது, எழும்பு என்று சொன்னால் அவர் தாங்க மாட்டார். ஆகவே பிரதேச சபையில் அனுமதி எடுத்து, ஊரறியக் கட்டி, ஊரறியக் கூட்டிவருவதென்று முடிவெடுத்தாள். அவள் முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

படம் கீற ஆள் வேண்டும். குண்டசாலையில் தேவராசா என்று ஒரு பெரியவர். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலையில் கண்டிக்கு வந்து, பென்ஷன் எடுத்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவர். வீட்டு வரைபடம் கீறிக் கொடுப்பார். பேச்சில் கறார், வேலையில் அதைவிடக் கறார்.

"வாரும் பிள்ளை, இரும்" என்று கதிரையைக் காட்டினார். பழைய அனுமதிப் பத்திரத்தை மூக்குக்கண்ணாடிக்குக் கீழால் பார்த்தார். "இது கராஜ் எண்டுதான் பதிஞ்சு கிடக்கு. மனிசர் இருக்கிற இடமா மாத்திறதெண்டால் புதுசா அனுமதி எடுக்கத்தான் வேணும். காத்து, வெளிச்சம், கக்கூஸ் குழி, பின்பக்கத்து மண் மேடு, எல்லாம் பாப்பினம். அவசரப்படக் கூடாது."

"கீழ ஒரு ரூம், ஒரு பாத்ரூம் போதும் ஐயா. கதவு மட்டும் அகலமா. கதிரை உள்ள போகணும்."

"குசினி?"

"மேல நல்ல குசினி இருக்கே. நான் சமைச்சு கொண்டாந்து குடுக்குறேன்."

"அப்ப லேசு" என்று பென்சிலை எடுத்தார். போகும்போது வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "சபையிலயிருந்து டி.ஓ., அதுதான் தொழில்நுட்ப உத்தியோகத்தர், வந்து இடத்தைப் பாக்கும்வரைக்கும் ஒரு கல்லும் அசைக்கக் கூடாது. விளங்கிச்சோ?"

விளங்கியது. கலாராணி ஒரு கல்லையும் அசைக்கவில்லை. அதில் யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விண்ணப்பம் சபையில் கிடக்க, நாள்கள் ஓட, ஆடி மாதம் கிட்ட வந்துவிட்டது. ஆடியில் நம் ஆட்கள் எந்த நல்ல காரியத்தையும் தொடங்குவதில்லை. ரவிகுமார் போன் பண்ணினான். "அண்ணி, ஆடி பொறந்துட்டா ஒன்னும் செய்ய ஏலாது. பெறகு ஆவணிக்குத்தான். ஆனி முடியிறதுக்குள்ள நிலைய மட்டுமாவது வச்சிருங்க. நல்ல நேரத்துல நிலை நின்னுட்டா மத்தது மெதுவா நடக்கட்டும்."

அவன் சொன்னது அவளுக்கும் சரியென்று பட்டது. கோயில் ஐயரிடம் நேரம் கேட்டாள். பலா மரத்தில் வாசல் நிலை ஒன்று செய்வித்தாள். கணேஸ் பாஸ், அந்தப் பக்கத்து மேசன், நல்ல நேரத்தில் கராஜின் திறந்த முன்பக்கத்தில் நிலையை நிறுத்தினான். கீழே நவதானியமும் மஞ்சள் துணியும் வைத்து, பால் ஊற்றி, மாவிலை கட்டி, மூன்று சுமங்கலிகள் பொட்டு வைத்து, ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. நிலை ஆடாமல் நிற்க இரண்டு பக்கமும் கொஞ்சம் சீமெந்து போட்டான். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். கலாராணிக்கு அது கட்டடம் இல்லை, பூசை. கட்டடம் என்றால் கல் வேண்டாமா? நம்மில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், அதில்தான் மாட்டிக்கொண்டாள்.

டி.ஓ. அடுத்த வாரமே வந்தாள். நில்மினி என்று பேர், இளம் பெண், ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். எதிரே பார்த்தால் கராஜின் வாசலில் மஞ்சளும் குங்குமமும் பூசிய புத்தம் புது நிலை, மாவிலை கூட வாடவில்லை.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"நிலை மிஸ்" என்றாள் கலாராணி பெருமையாக. கடையில் பேசிப் பேசி அவளுடைய சிங்களம் தண்ணீர்போல ஓடும்.

"எனக்குத் தெரியும் இது நிலை என்று. அனுமதி எங்கே?"

கலாராணி மாதம், நேரம், ஆடி என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். நில்மினி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "நாங்களும் நெக்கத், நல்ல நேரம், பார்ப்போம் அம்மா. ஆனால் பிளான் பாஸ் ஆன பிறகு பார்ப்போம்" என்றாள். படம் பிடித்தாள். வேலையை நிறுத்தச் சொல்லிக் காகிதம் எழுதி, அந்தப் பொட்டு வைத்த நிலையிலேயே ஒட்டினாள். புறப்படும்போது என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து தணிந்த குரலில் சொன்னாள். நிலை இருக்கும்வரை இது அனுமதியில்லாமல் தொடங்கிய கட்டடம், கோப்பு வேறு பக்கம் போய்விடும், வழக்குக்கும் போகலாம். எடுத்துவிட்டு, இருந்தபடியே ஆக்கிவிட்டுக் கூப்பிட்டால் தான் மறுபடி வந்து பார்ப்பதாகவும், விண்ணப்பம் வழக்கம்போல் போகும் என்றும் சொன்னாள்.

தேவராசா போனில் வறுத்தெடுத்துவிட்டார். "நான் சொன்னனானெல்லே? ஒரு கல்லும் அசைக்காதேயும் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனானெல்லே? நிலையைக் கொண்டுவந்து நட்டு வைச்சிருக்கிறீர். ஏன் பிள்ளை, அந்த ஆடி மாசம் உம்மை என்ன செய்யப் போகுது?" கலாராணி போனைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டாள். தப்பு தன் பக்கம் இருக்கும்போது அவள் வாய் திறக்க மாட்டாள்.

கணேஸ் பாஸைக் கூப்பிட்டாள். அவன் அலவாங்குக் கம்பியைத் தொடவே மறுத்தான். "வச்ச நிலையப் புடுங்க நான் மாட்டேன் அக்கா. எனக்கும் புள்ள குட்டி இருக்கு. வேற யாரையாச்சும் பாருங்க." ரவிகுமார் போனில் அழாத குறை. "அண்ணி, வேணாம் அண்ணி. நிலைய எடுக்குறது குடும்பத்துக்கு ஆகாது. கொஞ்சம் அங்க இங்க குடுத்து சரிக்கட்டிப் பாப்போம்." அவளுக்கும் பயம்தான். இல்லை என்று சொன்னால் பொய். பால் ஊற்றிய கை, அதே கையால் பிடுங்க வேண்டும். சாமி அறைக்கு முன் போய் நின்று, "நான் ஒன்ன வேணாம்னு சொல்லல, பொறகு வான்னு சொல்றேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அலவாங்கை அவளே எடுத்தாள். சீமெந்து இன்னும் முழுதாய் இறுகவில்லை, ஆனாலும் லேசில் விடவில்லை. சத்தம் கேட்டு எதிர் வீட்டு முஸ்லிம் பெண் றலியா வந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தனிய இழுத்தா மேல விழும் ராணி. நவுருங்க, நான் புடிக்கிறேன்."

"வேணாம் றலியா. யாரும் தொட மாட்டேங்குறாங்க."

"எங்கட ஆக்களுக்கு இந்த ஆடி ஒண்டும் இல்லயே. எனக்கென்ன வரப் போகுது? புடிங்க அந்தப் பக்கத்த."

இரண்டு பெண்களும் சேர்ந்து நிலையைச் சாய்த்துத் தூக்கிக் கராஜின் பின்சுவரோடு சாத்தினார்கள். கலாராணி நிலத்தில் கிடந்த நவதானியத்தைக் கூட்டி அள்ளினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. றலியா பக்கத்தில் குந்திக்கொண்டு, அழுது முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சா வாங்க, பிளேன்டி ஊத்துறேன்" என்றாள் பிறகு.

இதெல்லாம் கடுகண்ணாவைக்குப் போகாமலிருக்குமா? அந்த ஞாயிற்றுக்கிழமை கலாராணி போனபோது யோகராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். ரவிகுமாரின் மனைவி சஞ்சீவனி தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "நீங்க பேசுங்க அக்கா" என்று நைசாக வெளியே போய்விட்டாள். ரோட்டில் கொழும்பு லொறிகள் முக்கிக்கொண்டு ஏறின.

"போதும் ராணி" என்றார் யோகராஜ். "சாமிக்கே பிடிக்கல. விட்ரு. நான் இங்கயே இருக்குறேன்."

"சாமிக்கு ஒன்னும் இல்ல. சபைக்குத்தான் பிடிக்கல. அதுவும் இப்ப சரியாகும். டி.ஓ. மிஸ் நாளைக்கு வர்றாங்க."

"வந்தாலும் வேணாம்."

"ஏங்க வேணாம்?" இந்த ஒரு தடவை அவள் ஏன் என்று கேட்டாள்.

அவர் பேச்சை மாற்றப் பார்த்தார். அவளும் விடவில்லை. கடைசியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கீழ நான். மேல நீ. தட்டுல சோத்தப் போட்டு மூடிக் கொண்டாந்து வச்சிட்டு, சாப்புடுங்கன்னு சொல்லிட்டு நீ படியேறிப் போயிருவ. மழை பெஞ்சா அதுவும் லேட்டு. நான் அந்தக் கராஜுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு மேல உன் காலடிச் சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டு இருக்கணும். வேன் நிறுத்துன எடத்துல என்னைய நிறுத்தப் போற. அதுக்கு இங்கயே இருந்துட்டுப் போறேன். இங்க கொறஞ்சது சுத்தி ஆளாவது இருக்கு."

கலாராணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாயாய் அலைந்தது யாருக்காக? நிலையைப் பிடுங்கியது யாருக்காக? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது கோபம் மெல்ல இறங்கியது. அந்த மனிதர் சொன்னதில் என்ன பிழை? படத்தைக் கீறச் சொன்னபோது கட்டில் எங்கே போடுவது, கதிரை எப்படித் திரும்பும் என்று எல்லாம் யோசித்தவள், தான் எங்கே இருக்கப் போகிறோம் என்று யோசிக்கவே இல்லை. பேராதனைச் சந்தியில் பஸ் நெரிசலில் நின்றபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் நில்மினி வந்து பார்த்து, இடம் பழையபடி இருப்பதாக எழுதிக்கொண்டு போனாள். அன்றே கலாராணி தேவராசாவின் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஐயா, படத்துல கீழ ஒரு குசினி போடுங்க. கட்டிலும் ரெண்டு."

"குசினியோ?" தேவராசா கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, நல்லாக் கேளும். ஒரு காணியில ரெண்டு குசினி எண்டால் அது ரெண்டு வீடு எண்டுதான் கணக்கு. உம்மடை காணி ரெண்டு வீட்டுக்குக் காணாது. உள்ளதும் போயிடும்."

"போட்டுக் குடுங்க. மத்தத அங்க பேசிக்கலாம்."

"என்னத்தைப் பேசப் போறீர்?" என்று முணுமுணுத்துக்கொண்டே அழிரப்பரை எடுத்தார்.

ஆடியும் பிறந்து, பாதியும் கடந்த பிறகு சபையின் திட்டக் குழு கூடியது. நீளமான மேசை. தலைப்பக்கத்தில் தலைவர், பக்கத்தில் அதிகாரிகள், ஓரத்தில் நில்மினி. கலாராணி கடைக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போயிருந்தாள். துணைக்குத் தேவராசா வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். அவளுடைய பேர் வாசிக்கப்பட்டது. படம் மேசையில் விரிக்கப்பட்டது. மண் மேட்டைப் பற்றிக் கேட்டார்கள், சரி. குழியைப் பற்றிக் கேட்டார்கள், அதுவும் சரி. பிறகு ஓர் அதிகாரியின் விரல் ஓர் இடத்தில் போய் நின்றது.

"கீழே ஒரு குசினி. மேலே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இது இரண்டு வீடு. காணி போதாது."

தலைவர் நல்லவிதமான மனிதர். படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "நோயாளிக்குத்தானே அம்மா இது? அவருக்கு அறையும் பாத்ரூமும் இருந்தால் போதாதா? மேலே சமைத்துக் கொண்டுவந்து கொடுக்கலாமே. கீழ்க் குசினியைச் சிவப்புப் பேனாவால் வெட்டிவிடுகிறேன். இன்றைக்கே பாஸ்." பேனாவைத் திறந்தேவிட்டார்.

பின்னாலிருந்து தேவராசா தமிழில் கிசுகிசுத்தார். "ஓம் எண்டு சொல்லும் பிள்ளை. ஓம் எண்டு சொல்லும்."

ஓம், சரி என்று சொன்னால் போதும். இத்தனை மாத அலைச்சல் அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும். கலாராணிக்கு அது தெரியாதா? தலைவரின் பேனா படத்தைத் தொடப் போகும்போது அவள் கையை நீட்டிவிட்டாள்.

"அத வெட்டாதீங்க சேர். மேல இருக்குற குசினிய வெட்டுங்க."

மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்தார்கள். தலைவர் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டார். கலாராணி நிறுத்தி நிதானமாகச் சிங்களத்தில் சொன்னாள். ஒரு காணியில் ஒரு குசினிதான் என்றால் ஒன்றே இருக்கட்டும், அது கீழே இருக்கட்டும். நானும் கீழேதான் இருக்கப் போகிறேன். மேலே அடுப்பு, சின்க், சமையல் கல் எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிடுகிறேன், மிஸ் வந்து பார்க்கட்டும். மேல் வீட்டில் அறைகள் மட்டும் இருக்கும், மகள் வந்தால் படுப்பாள்.

நில்மினி வாயைத் திறந்தாள். "அம்மா, நான் அந்தக் குசினியைப் பார்த்தேன். புது வெள்ளை டைல் ஒட்டியிருக்கிறீர்கள். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிகிறது. கீழே ரோட்டுப் புகை. நன்றாக யோசித்தீர்களா?"

"யோசிச்சேன் மிஸ். அந்த டைல ஒட்டுறதுக்கு நான் எவ்வளவு காலம் சீட்டுப் புடிச்சேன்னு எனக்குத் தெரியும். அவர் அங்க ஏறி வர மாட்டார். ஆத்தப் பாத்துக்கிட்டு நான் யாருக்குச் சமைக்கிறது?"

அவள் இதைச் சிங்களத்தில் சொன்னபோது குரல் ஒரு இடத்தில் உடைந்துவிட்டது. உடைந்தாலும் நிறுத்தவில்லை. தலைவர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். ஒரு நிபந்தனையோடு எழுதினார்: மேல் குசினி முழுதாக அகற்றப்பட்ட பின் கீழே குடியிருக்கலாம்.

வெளியே வந்ததும் தேவராசா குடையை விரித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தார். "நீர் பொல்லாத ஆள்" என்றார் பிறகு. அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

வேலை தொடங்கியது. கணேஸ் பாஸ் ஆவணி வரட்டுமே என்று இழுத்தான். "அனுமதி கையில இருக்கு, நேரம் நல்லாத்தான் இருக்கு" என்று அவள் அவன் வாயை அடைத்தாள். முன்பக்கம் அடைபட்டு, பின்சுவரோடு சாத்தியிருந்த நிலை மறுபடி வாசலில் நின்றது. கராஜுக்குப் பக்கச் சுவரில் ஜன்னல் வந்தது. பாத்ரூம் வந்தது, கதவு அகலமாக, பிடித்துக்கொள்ளக் கம்பியோடு. தகரத்துக்குக் கீழே சூடு இறங்காமல் பலகைத் தட்டு அடித்தான். வாசலில் படி என்று ஒன்று கிடையாது, ரோட்டோரத்திலிருந்து சரிவாகச் சீமெந்து. முன்பக்கத்தில் தடித்த துணியில் திரைச்சீலை. அதை ஹாஜியார் தன் பங்காகக் கொடுத்தார், "காசு கீசு பேசினா எனக்குக் கோவம் வரும்" என்று சொல்லி.

மேல் குசினியை உடைக்கிற அன்று கலாராணி கடைக்குப் போய்விட்டாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று தெரியும். பின்னேரம் வந்து பார்த்தபோது வெள்ளை டைல்கள் துண்டு துண்டாய்ச் சாக்கில் கிடந்தன. ஒன்றைக் கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. சாக்கின் வாயைக் கட்டினாள், குப்பை வண்டிக்குக் கொடுத்தாள். நில்மினி வந்து வெறும் சுவரைப் படம் பிடித்துக்கொண்டு போனாள்.

யோகராஜ் வந்தது ஒரு மத்தியானம். ரவிகுமார் தன் வேனில் கூட்டி வந்தான். அவர் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார், பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற நினைப்போடு. கதிரையைத் தம்பி தள்ளப் போக, "விடு" என்று தானே உருட்டிக்கொண்டு சரிவில் ஏறி உள்ளே போனார். தட்டவில்லை, இடிக்கவில்லை.

உள்ளே நின்று நாலா பக்கமும் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஒட்டிப் போட்டிருந்த இரண்டு கட்டில்களைப் பார்த்தார். அலுமாரியில் அவளுடைய சேலைகள் தொங்குவதைப் பார்த்தார். மூலையில் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கருவாட்டு வாசம் அந்தச் சின்ன இடம் முழுக்கப் பரவியிருந்தது.

"மேல?" என்று கேட்டார்.

"மேல அடுப்பில்ல" என்றாள் கலாராணி, கரண்டியைக் கழுவிக்கொண்டே.

"உடச்சிட்டியா?"

"ம்."

யோகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. ரவிகுமார் வெளியே போய் வேனில் சாய்ந்து நின்றான். கலாராணி அடுப்பைத் தணித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தொட்டால் தானும் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சாரத்துத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கதிரையை உருட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் வந்தார். கடுகண்ணாவையில் இருந்த அத்தனை காலத்தில் அவர் ஒரு நாள் கூட வாய் திறந்து சாப்பாடு கேட்டதில்லை என்று சஞ்சீவனி பிறகு சொன்னாள். வைத்தால் சாப்பிடுவாராம், வைக்காவிட்டால் காத்திருப்பாராம்.

"சோத்தப் போடு ராணி" என்றார். "பசிக்குது."